ஷெர்பாக்கள் பரம்பரை மலையேறிகள் அல்ல

"ஷெர்பாக்கள் தலைமுறை தலைமுறையாகச் சிகரம் ஏறியே பிழைத்தவர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. எவரெஸ்ட்டை ஒட்டிய நேபாளத்தின் கும்பு பகுதியில் வாழும் இந்த இன மக்கள் யாக் எனும் சடைமாடுகளை மேய்த்தார்கள், உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள், 5,700 மீட்டர் உயர நாங்பா லா கணவாயைத் தாண்டித் திபெத்துக்குத் தானியம் கொண்டுபோய் உப்போடு திரும்பினார்கள். சிகரங்கள் அவர்களுக்குத் தெய்வங்களின் இருப்பிடம். கும்பிலா மலையில் இன்றும் ஏறுவதில்லை.

மேய்ச்சலுக்கு எவ்வளவு கட்டுப்பாடு தெரியுமா? கோடையில் பயிர் வளரும்போது மாடுகள் ஊருக்குள் நிற்கக் கூடாது. எந்த நாளுக்குள் மேலே ஓட்ட வேண்டும் என்று 'நாவா' எனப்படும் ஊர்க்காவலர்கள் அறிவிப்பார்கள், மீறினால் அபராதம். மேலே சின்னக் கல்வீட்டில் தங்கி, பால் கறந்து, வெண்ணெய் கடைவார்கள். கல்சுவர் எழுப்பிய வயலில் புல் வளர்த்து, அறுத்துக் காயவைத்து, பனிக்காலத் தீவனமாகச் சேர்ப்பார்கள். இத்தனை உழைப்பையும் மறந்துவிட்டு அவர்களைச் சுமைதூக்கிகளாக மட்டும் பார்ப்பது வருத்தமாக இருக்கிறது.

மலையேற்ற வேலை 20ஆம் நூற்றாண்டில் வந்ததுதான். டார்ஜிலிங்குக்குப் பிழைப்புத் தேடிப் போனவர்களை வெள்ளைக்காரக் குழுக்கள் கூலிக்கு எடுத்தன. 1921 எவரெஸ்ட் குழுவிலும் ஷெர்பாக்கள் இருந்தார்கள். 1953இல் ஹிலாரியோடு எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்ட டென்சிங் நோர்கேகூடச் சிறுவயதில் யாக் மேய்த்தவர். அப்புறம் 1959க்குப் பின் திபெத் வணிகம் சுருங்கியது, சுற்றுலா வளர்ந்தது. அதற்குப் பிறகே மலையேற்ற வேலை கும்புவில் பெரிய பிழைப்பானது.