அமைச்சர் சொல்லும் 'இல்லை'க்கும் காரணம் வேண்டும்

அவுஸ்திரேலியாவில் புகலிடக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட எங்கட ஆட்களிடம் "இப்ப கேஸ் எந்த நிலையில இருக்கு?" என்று கேட்டால், பலர் சொல்வது "மினிஸ்டருக்கு எழுதியிருக்கிறம்" என்பதுதான். அதை நம்பியே வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த மனுவுக்குச் சட்டத்தில் என்ன பெறுமதி என்பதை யாரும் அவர்களுக்கு விளங்கப்படுத்துவதில்லை.

1958ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் 198ஆம் பிரிவு அதிகாரிக்குத் தெரிவே கொடுக்கவில்லை. விசா இல்லாதவரை, நடைமுறையில் இயலுமான அளவு விரைவாக, அவர் வெளியேற்றியே ஆக வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, தாய் நோயாளியா என்பதெல்லாம் அந்தப் பிரிவில் இல்லை. அதையெல்லாம் பார்க்கும் அதிகாரம் குடிவரவு அமைச்சர் என்ற ஒரு ஆளிடம் குவிந்திருக்கிறது. திணைக்களத்தின் மறுப்பை மீளாய்வு செய்யும் தீர்ப்பாயத்தின் முடிவை மாற்ற 351ஆம் பிரிவு (அகதிகளுக்கான பாதுகாப்பு விசா வழக்குகளுக்கு நீண்ட காலம் 417), இரண்டாம் முறை விண்ணப்பிக்க அனுமதிக்க 48பி, தடுப்பில் இருப்பவருக்கு விசா கொடுக்க 195ஏ. பொதுநலனுக்கு நல்லது என்று அமைச்சர் நினைத்தால் இவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் பயன்படுத்தும்படி எந்த நீதிமன்றமும் அவருக்கு உத்தரவிட முடியாது. மனுவைப் பரிசீலிக்கும் கடமைகூட அவருக்கு இல்லை என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. இந்த அதிகாரங்களில் மனுதாரரின் பக்கத்தைக் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2012இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

எனக்குப் பொறுக்க முடியாத இடம் இதற்குள்தான் இருக்கிறது. அமைச்சர் 'ஆம்' என்றால், ஏன் தலையிட்டேன் என்று காரணம் எழுதி, பெயரை மறைத்து, பாராளுமன்றத்தின் இரு சபைகளிலும் அறிக்கை வைக்க வேண்டும். 'இல்லை' என்றால் எதுவுமே வேண்டாம். ஒருவரை இருக்க விடுவதற்கு விளக்கம் கேட்கும் சட்டம், ஆபத்து இருக்கிறது என்று அவர் சொல்லும் நாட்டுக்கே அவரை அனுப்புவதற்கு விளக்கம் கேட்கவில்லை.

பல மனுக்களில் அந்த 'இல்லை'யைக்கூட அமைச்சர் சொல்லவில்லை. 2016இல் வந்த அறிவுறுத்தலின்படி, 'தனித்துவமான அல்லது விதிவிலக்கான சூழ்நிலை' இல்லை என்று குடிவரவுத் திணைக்கள அதிகாரிகளே முடிவெடுத்து, கோப்பை மேலே அனுப்பாமல் மூடினார்கள். 2023 ஏப்ரல் 12ஆம் திகதி டேவிஸ் வழக்கில் உயர் நீதிமன்றம் அது சட்டத்துக்குப் புறம்பானது என்றது. பொதுநலன் எது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைச் சட்டம் அமைச்சருக்கு மட்டுமே கொடுத்தது, அதிகாரி அதைக் கையில் எடுக்க முடியாது. நல்ல தீர்ப்பு. ஆனால் அமைச்சர் தானே பார்த்து, ஒரு சொல்லும் சொல்லாமல் மறுப்பதை அது தடுக்கவில்லை.

குயின்ஸ்லாந்தின் பிலோயெலா ஊரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். 2018 மார்ச்சில் விடியற்காலையில் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். 2019 ஓகஸ்டில் விமானத்தில் ஏற்றிய பிறகு நீதிமன்றத் தடை வந்து டார்வினில் இறக்கினார்கள். பிறகு கிறிஸ்மஸ் தீவில் தடுப்பு. 2022 மே மாதம் ஆட்சி மாறி ஒரு வாரத்துக்குள் பிரிட்ஜிங் (இடைக்கால) விசா, ஓகஸ்டில் நிரந்தர விசா. அவர்களை மீட்டது புதிய சட்டம் எதுவுமில்லை. முன்பிருந்த அமைச்சர்களிடமும் இதே அதிகாரம் இருந்தது. ஊரே திரண்டு நின்ற குடும்பம் அது. ஊர் திரளாத குடும்பங்கள் எத்தனை?

இந்தக் குறை ஆட்சியில் இருந்தவர்களுக்கும் தெரியும். 2008இல் அப்போதைய குடிவரவு அமைச்சர் கிறிஸ் எவன்ஸ், தனக்கு அளவுக்கு மீறிய அதிகாரம் இருக்கிறது, கடவுளின் இடத்தில் நின்று தீர்மானிப்பது போலிருக்கிறது என்று செனற் குழுவிடமே சொன்னார். அதற்குப் பிறகும் அதிகாரம் அப்படியே இருக்கிறது. அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, விதிக்குள் அடங்காத துன்பத்துக்கு ஒரு கதவு வேண்டும். மறுப்புக்கும் எழுத்தில் காரணம், பதிலுக்கு ஒரு காலக்கெடு, பதில் வரும்வரை வெளியேற்றத் தடை. இந்த மூன்றையும் சட்டத்திலேயே எழுத வேண்டும்.

அதுவரை, கையில் நிராகரிப்புக் கடிதம் இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள்.

தடுப்பில் இல்லாதவருக்குத் தீர்ப்பாயத்துக்குப் போக 28 நாள். அதைத் தவறவிட்டால் போவது மேன்முறையீடு மட்டும் இல்லை. தீர்ப்பாயம் முடிவு கொடுத்திருந்தால்தான் 351 திறக்கும், முடிவே இல்லாவிட்டால் மாற்றுவதற்கு அமைச்சரிடம் ஒன்றும் இருக்காது. தீர்ப்பாயமும் மறுத்தால் நீதிமன்றத்துக்கு 35 நாள். "முதல்ல மினிஸ்டருக்கு எழுதுவம்" என்று இருந்து இந்த நாட்களைக் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். மனு போட்டதால் மட்டும் வெளியேற்றம் சட்டப்படி நிற்காது.

2012 ஓகஸ்ட் 13க்கும் 2014 ஜனவரி 1க்கும் இடையில் படகில் வந்து 'பாஸ்ட் ட்ராக்' என்ற விரைவு விசாரணை முறையில் மறுக்கப்பட்டவர்களுக்கு 417 கதவு திறந்திருக்கவே இல்லை. அவர்கள் திரும்ப விண்ணப்பிக்க 48பி மட்டும் போதாது, படகில் வந்தவர் விண்ணப்பிக்க முடியாது என்ற 46ஏ தடையும் நீங்க வேண்டும். 2023இல் தற்காலிக விசாக்காரருக்கு நிரந்தர விசா வழி திறந்தபோதும் இவர்கள் வெளியே விடப்பட்டார்கள். பத்து வருடத்துக்கு மேல் இங்கே உழைத்தவர்கள்.

48பி மனுவில் பழைய கதையையே நீட்டி எழுதினால் அது அங்கேயே நிற்கும். முந்தைய முடிவுக்குப் பின் என்ன மாறியது, அந்த ஆதாரம் ஏன் அப்போது கிடைக்கவில்லை என்று முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். தீர்ப்பாயம் "நம்பகத்தன்மை இல்லை" என்று சொன்ன பந்திகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் எழுதுங்கள். கோயில் கடிதம் பத்து வைப்பதை விட, நாள்பட்ட நோய்க்கு நிபுணர் எழுதிய ஒரு அறிக்கை பலமானது. எழுதத் தொடங்கும் முன் தகவல் அறியும் சட்டத்தில் உங்கள் முழுக் கோப்பையும் கேட்டு எடுங்கள். சொந்தத் தகவலுக்குக் கட்டணம் இல்லை. முதல் நேர்முகத்தில் மொழிபெயர்ப்பாளர் என்ன சொல்லி வைத்தார் என்பது பலருக்கு அந்தக் கோப்பைப் பார்த்த பிறகுதான் தெரிய வருகிறது.