அது தனி, சார்

வாத்தியார்: தம்பி, மதிப்பீட்டின் முதல் வரியிலேயே ‘நீச்சல் குளம் ஒன்று, எல்லாம் உட்பட’ என்று நீங்கள்தான் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். அந்த ‘எல்லாம்’ என்ற சொல்லுக்குள் தண்ணீர் வராது என்று இன்றைக்கு, மே 16ஆம் தேதி, வந்து சொல்கிறீர்கள்.

கான்ட்ராக்டர்: தண்ணீர் தனி, சார். நாங்கள் கட்டிக் கொடுப்பது குளம்.

வாத்தியார்: குளம் என்றால் அதில் தண்ணீர் இருக்க வேண்டாமா?

கான்ட்ராக்டர்: வற்றிய குளத்தையும் நம் ஊரில் குளம் என்றுதானே சொல்கிறோம், சார்? ஏரியில் தண்ணீர் இல்லை என்பதற்காக யாராவது அதன் பெயரை மாற்றிச் சொல்கிறார்களா?

வாத்தியார்: சொல்கிறார்களே. மனைப்பிரிவு என்று சொல்கிறார்கள்.

(ஈஞ்சம்பாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கமாக இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டின் பின்புறத்தில் நடந்த பேச்சு இது. பக்கத்து மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த என் காதில் தானாக விழுந்தது; விழாத பகுதியைக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டேன். நான் யார் பக்கம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: நானும் வீடு கட்டியவன்தான்.)

கான்ட்ராக்டர்: நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள், சார்.

வாத்தியார்: 32 ஆண்டுகள் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்குக் கோபம் வராது, தம்பி, விடை வரவில்லையே என்ற வருத்தம்தான் வரும். 45 நாளில் முடித்துக் கொடுப்பதாகச் சொன்னீர்கள். தை மாதம் 10ஆம் தேதி பூசை போட்டோம். இன்றோடு 112 நாள் ஆகிறது. அமெரிக்காவில் பள்ளிக்கூடம் விட்டவுடன், ஜூன் முதல் வாரத்தில், என் பேரப்பிள்ளைகள் நீச்சல் உடையோடு விமானம் ஏறப்போகிறார்கள்.

கான்ட்ராக்டர்: நான் சொன்னது 45 வேலை நாட்கள், சார். வேலை நாள் என்றால் வேலை நடந்த நாள். என் மேஸ்திரியின் வருகைக் குறிப்பின்படி இன்று 31ஆவது நாள்தான் ஆகிறது. கணக்குப் பார்த்தால் நாம் இரண்டு வாரம் முன்னதாகவே போய்க்கொண்டிருக்கிறோம்.

(இந்த இடத்தில் என் கையிலிருந்த துணி கிளிப் அவர்கள் முற்றத்திலேயே போய் விழுந்தது. இருவரும் கவனிக்கவில்லை.)

வாத்தியார்: சரி, முதலிலிருந்து வருவோம். முதல் நாள் ஜேசிபி வந்தது. வாசல் கேட் ஏழடி. ஜேசிபி அதைவிட அகலம். பக்கவாட்டு மதிற்சுவரை இடித்துத்தான் உள்ளே கொண்டுவந்தீர்கள். மதிப்பீடு எழுத வந்த அன்று நீங்கள் அதே கேட் வழியாகத்தான் நடந்து வந்தீர்கள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இடித்த சுவரை யார் கட்டுவது?

கான்ட்ராக்டர்: அது தனி, சார்.

வாத்தியார்: தோண்டிய மண்?

கான்ட்ராக்டர்: தோண்டுவது நம் கணக்கில் சேரும், சார். எடுத்துக்கொண்டு போவது தனி.

வாத்தியார்: குளம் 26 அடிக்கு 13 அடி. ஆனால் ஆட்கள் இறங்கி நின்று கம்பி கட்ட இடம் வேண்டும் என்று 31 அடிக்கு 18 அடி, ஆழம் ஆறரை அடி என்று தோண்டினீர்கள். நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 36 யூனிட் மண். வெட்டிய மண் உதிர்ந்து பெருத்து 40 யூனிட் ஆயிற்று. மூன்று யூனிட் லாரியில் 14 லோடு. அது போய்ச் சேரும்வரை என் வீட்டு முன்வாசலில் ஒரு மலை இருந்தது. என் மனைவி அதைச் சுற்றிக்கொண்டுதான் கோலம் போட்டாள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. மண்ணை எடுக்காமல் குளம் தோண்டுகிற முறை ஏதாவது இருக்கிறதா?

கான்ட்ராக்டர்: எல்லாரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், சார்.

வாத்தியார்: எல்லாரும் கேட்கிறார்கள் என்றால் அதை முதல் பக்கத்தில் எழுதி வைக்கலாமே?

கான்ட்ராக்டர்: எழுதினால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், சார்.

(நேர்மையான பதில். அன்று முழுவதும் அவர் சொன்னவற்றில் இது ஒன்றைத்தான் நான் மறுபடி யோசித்துப் பார்க்காமல் நம்பினேன்.)

வாத்தியார்: போகட்டும். தை மாதத்தில் தொடங்க வேண்டாம், வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு இந்த மணல் பூமியில் ஐந்தடிக்குக் கீழே தண்ணீர் நிற்கும், சித்திரையில் தொடங்கலாம் என்று நான் சொன்னேன். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று நீங்கள் சொன்னீர்கள். பிறந்தது வழி அல்ல, ஊற்று. ராத்திரியும் பகலுமாக ஒன்பது நாள் டீசல் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்தீர்கள். பக்கவாட்டு மணல் இரண்டு முறை சரிந்து குழிக்குள் விழுந்தது. அந்த மோட்டார் வாடகையும் டீசலும்?

கான்ட்ராக்டர்: சார், அது...

வாத்தியார்: தனி. தெரியும். நீங்கள் சொல்லிச் சொல்லி என் மனைவியும் இப்போது அப்படித்தான் பேசுகிறாள். நேற்று இட்லிக்குச் சட்னி எங்கே என்று கேட்டேன்.

கான்ட்ராக்டர்: என்ன சொன்னார்கள், சார்?

வாத்தியார்: சொல்லவும் வேண்டுமா? பிறகு கான்கிரீட் போட்டீர்கள். நன்றாகவே போட்டீர்கள், அதை நான் மறுக்கவில்லை. போட்ட மறுநாள் முதல் உங்கள் ஆட்களில் ஒருவரைக்கூடக் காணவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, கட்டுவது நாங்கள், நனைப்பது வீட்டுக்காரர், அதுதான் ஊர் வழக்கம் என்றீர்கள். எழுபது வயதில், காலையும் மாலையும் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு, சுவர் காய்ந்து வெடித்துவிடக் கூடாதே என்று பதினான்கு நாள் நான்தான் கியூரிங் செய்தேன். அதற்கு என் கூலி எவ்வளவு என்று உங்கள் மதிப்பீட்டில் எங்கே கழிக்கப்பட்டிருக்கிறது?

கான்ட்ராக்டர்: அந்தச் சுவரைத் தட்டிப் பாருங்கள், சார். மணி போல இருக்கிறது. உங்கள் கைராசி.

வாத்தியார்: கைராசிக்கு மட்டும் தனிக் கட்டணம் இல்லை போலிருக்கிறது.

கான்ட்ராக்டர்: டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் தண்ணீர் நிரப்பி ஏழு நாள் வைத்துச் சோதித்தோமே, சார். அதை எத்தனை பேர் செய்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?

வாத்தியார்: அந்தச் சோதனைக்கு என் வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்துதான் மூன்று நாள் தொடர்ந்து மோட்டார் போட்டீர்கள். கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர் தூரத்தில் அப்படி உறிஞ்சினால், நல்ல தண்ணீர் போன இடத்துக்குக் கடல் தண்ணீர் வரும். மூன்றாம் நாள் காலைக் காப்பி உப்புக் கரித்தது. அதற்குப் பிறகு அந்தத் தண்ணீர் ஒரு நாளைக்கு 20 மில்லிமீட்டர் குறைந்தது. நான் காட்டியபோது, ஆவியாகிறது சார், வெயில் காலம் சார் என்றீர்கள்.

கான்ட்ராக்டர்: வெயில் காலம்தானே, சார்?

வாத்தியார்: அதனால்தான் ஒரு பிளாஸ்டிக் வாளியில் அதே தண்ணீரை நிரப்பி, கல் ஒன்றை உள்ளே போட்டு, குளத்தின் படிக்கட்டில் பாதி மூழ்கும்படி வைத்து, வாளிக்கு உள்ளே ஒரு கோடும் வெளியே ஒரு கோடும் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் அதே நேரத்துக்கு வாளிக்குள் குறைந்தது 5 மில்லிமீட்டர். வெளியே குறைந்தது 20. ஒரே வெயில், ஒரே காற்று, ஒரே காக்கை. மீதி 15 மில்லிமீட்டரைக் குளத்தின் பரப்பால் பெருக்கினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 470 லிட்டர். என் பென்ஷனில்கூட இவ்வளவு ஓட்டை இல்லை.

கான்ட்ராக்டர்: குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தில் லேசான கசிவு இருந்தது, சார். மறுநாளே அடைத்துவிட்டோமே.

வாத்தியார்: அடைத்தீர்கள். ஒத்துக்கொள்கிறேன். அதற்கான ரசாயனப் பூச்சு...

கான்ட்ராக்டர்: அது...

வாத்தியார்: வேண்டாம்.

(கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. குழிக்குள் டைல்ஸ் வெட்டுகிற மிஷின் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. வாத்தியார் குழியின் ஓரத்துக்கு வந்து நின்று கீழே பார்த்தார். எப்போதும்போல அடுத்தது குளோரின் பற்றியோ கைப்பிடிக் கம்பி பற்றியோ கேட்பார் என்று நினைத்தேன்.)

வாத்தியார்: தம்பி, 45,000 லிட்டர் நிற்கப்போகிற இந்தத் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்கிற ஒடிசாப் பையன்கள் மூன்று பேரும் நேற்று மதியம் என் வாசலில் வந்து, காலிப் பாட்டில் ஒன்றை நீட்டிக் குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கேன் வாங்கிப் போடுவது யார் பொறுப்பு?

கான்ட்ராக்டர்: அது... பொதுவாக... சைட்டில்...

வாத்தியார்: சொல்லுங்கள். இத்தனை நாள் ஒரே மூச்சில் சொன்னீர்களே.

கான்ட்ராக்டர்: தனி, சார்.

வாத்தியார்: நல்லது. அதை மட்டும் நான் கேள்வி கேட்காமல் தனியாகவே வாங்கிவிட்டேன். இரண்டு கேன் வாசல் நிழலில் இருக்கிறது. அதைப் பராமரிப்புச் செலவு என்று உங்கள் பில்லில் ஏற்றிவிடாதீர்கள்.

கான்ட்ராக்டர்: பராமரிப்பு என்றதும்தான் நினைவுக்கு வருகிறது, சார். தினமும் எட்டு மணி நேரம் பம்பு ஓட வேண்டும். வாரம் ஒரு முறை மணல் ஃபில்டரைப் பின்னோக்கிக் கழுவ வேண்டும். அதில் சில நூறு லிட்டர் போகும். குளோரின் 1 முதல் 3 பிபிஎம், பிஹெச் 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். அந்தத் தென்னை மரத்தை எடுத்துவிட்டால் நல்லது.

வாத்தியார்: முக்கால் கிலோவாட் மோட்டார் எட்டு மணி நேரம் ஓடினால் ஆறு யூனிட், இரண்டு மாத மின் கணக்கில் 360. பேரப்பிள்ளைகள் இங்கே இருப்பது மூன்று வாரம். மீதி 49 வாரமும் நானும் உங்கள் பம்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவர்கள் ஊருக்குப் போனவுடன் குளத்தைக் காலி செய்துவிட்டு மேலே தார்ப்பாய் போட்டுவிட்டால் என்ன?

கான்ட்ராக்டர்: ஐயோ, காலி மட்டும் செய்துவிடாதீர்கள், சார்! ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். வெறும் தொட்டி 35 டன் இருக்கும். சுற்றிலும் தண்ணீர் விளிம்பு வரை வந்துவிட்டால் 60 டன் அளவுக்குக் கீழிருந்து தள்ளும். படகு மாதிரி மொத்தத் தொட்டியும் பெயர்ந்து மேலே வந்துவிடும். அப்படி வந்த குளங்களை நானே பார்த்திருக்கிறேன். கீழிருந்து தள்ளுகிற தண்ணீரை உள்ளே விட்டு அழுத்தத்தைக் குறைக்கிற ரிலீஃப் வால்வ் அடியில் வைத்தால் ஓரளவு தாங்கும், அது தனி. ஆனால் உள்ளே தண்ணீர் நிற்பதுதான் குளத்துக்குப் பலமே.

வாத்தியார்: இன்னொரு முறை சொல்லுங்கள்.

கான்ட்ராக்டர்: ரிலீஃப் வால்வ் தனி, சார்.

வாத்தியார்: அதற்கு அடுத்தது.

கான்ட்ராக்டர்: உள்ளே தண்ணீர் நிற்பதுதான் குளத்துக்குப் பலம்.

வாத்தியார்: அதாவது, கம்பியும் கான்கிரீட்டும் மட்டும் இருந்தால் இந்தக் கட்டடம் இடத்தில் நிற்காது, தண்ணீரும் சேர்ந்தால்தான் நிற்கும். அப்படியானால் தண்ணீர் என்பது கட்டுமானப் பொருள். கட்டுமானப் பொருள் எல்லாம் உங்கள் செலவு என்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. படிக்கட்டுமா?

(கான்ட்ராக்டர் வாயைத் திறந்தார், மூடினார். பேனாவை எடுத்தார், சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தார்.)

கான்ட்ராக்டர்: நாலு லாரித் தண்ணீர், சார். மே மாதத்தில் லாரிக்காரன் என்ன விலை சொல்கிறான் தெரியுமா?

வாத்தியார்: தெரியும். இந்த ஊரில் தண்ணீரின் விலை எனக்கு நன்றாகவே தெரியும். 2019 ஜூலையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. 50 வேகன், ஒரு வேகனுக்கு 50,000 லிட்டர். அதைப் பார்க்க நான் வில்லிவாக்கம் வரை போனேன். என் மகன் இந்தக் குளத்தின் அளவைச் சொன்னவுடன் நான் போட்ட முதல் கணக்கு, அந்த ரயிலில் கிட்டத்தட்ட ஒரு வேகன் முழுக்க நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நிற்கப்போகிறது என்பதுதான். அவனிடமும் சொன்னேன். ‘சூப்பர் அப்பா’ என்றான்.

கான்ட்ராக்டர்: சரி, சார். உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். நாலு லாரியில் ஒரு லாரி என்னுடையது.

வாத்தியார்: எந்த லாரி?

கான்ட்ராக்டர்: முதல் லாரி. அடியில் நிற்கிற தண்ணீர்தான் கட்டுமானத்தில் சேரும், சார். அதற்கு மேலே நிற்பதெல்லாம் உள் அலங்காரம்.

(வாத்தியார் மதிப்பீட்டைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு சாய்சதுரம்போல ஏதோ வரைந்து, மூன்று நான்கு வரி பெருக்கிக் கழித்தார். மேலேயிருந்து பார்த்த எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் நான் வேறொரு வாத்தியாரிடம் படித்தவன்.)

வாத்தியார்: ஆழமான பக்கம் ஐந்தரை அடி, ஆழம் குறைந்த பக்கம் நாலடி, தரை சரிவாகப் போகிறது. உங்களுடைய ஒரு லாரி 12,000 லிட்டரில் 7,200 லிட்டர் அந்தச் சரிவை நிரப்பவே போய்விடும். மீதி, குழந்தைகள் நிற்கிற பக்கத்தில் சரியாக அரையடி நிற்கும். கோயில் வாசலில் கால் கழுவ வைக்கிற தொட்டி அவ்வளவு ஆழம்தான் இருக்கும்.

கான்ட்ராக்டர்: பிள்ளைகளுக்கு அதுதானே, சார், பாதுகாப்பு?