இரண்டு டயருக்குக் காசில்லை என்றால் ஒன்று வாங்குங்கள், முன்னுக்குப் போடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்தரை மணிக்கு, கொழும்பு மரைன் டிரைவில் பம்பலப்பிட்டிப் பக்கம் சைக்கிளில் போகும்போது பின் சில்லில் காற்று இறங்கியது. இறங்கிப் பார்த்தால் டயரின் நடுவில் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு வெட்டு. விரலால் விரித்தேன். ரப்பருக்குக் கீழே நூல் பின்னல் வெளியே தெரிந்தது. நடுப்பகுதி வட்டமாக இல்லை, மேசை மாதிரிச் சப்பையாகிக் கிடந்தது. மூன்று மாதமாக அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஓடித் திரிந்தவனுக்கு இது வேண்டியதுதான். டியூப் மாற்றி, வெட்டுக்கு உள்ளே பற்பசை டியூப் துண்டு ஒன்றை வைத்து, வெள்ளவத்தைக்கு மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை மருதானையில் வழக்கமாகப் போகும் நானாவின் கடைக்குப் போனேன். என்னுடையது ஜப்பானிலிருந்து வந்த பழைய ரோட் பைக், அதாவது ரேஸ் வகைச் சைக்கிள். 2022-ல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துப்போய் வாங்கியது. அதில் ஆயிரத்தெட்டுக் குறை இருக்கிறது, ஒவ்வொன்றும் நானாவுக்கு மனப்பாடம். நான் ஒரே ஒரு டயர்தான் வாங்கப் போகிறேன் என்றேன். சரி என்றார். அதை முன் சில்லுக்குப் போடுங்கள், முன்னால் இருப்பதைக் கழற்றிப் பின்னுக்குப் போடுங்கள் என்றதும் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, தேஞ்சது பின்னுக்கு. முன்னுக்கு நல்லாத்தானே இருக்கு. ரெண்டு வேலைக்கு ஏன் காசு குடுக்கிறீங்க?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கொழும்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன். தேய்ந்ததைக் கழற்றி அதே இடத்தில் புதியதைப் போடுவது. ஆனால் அங்கேதான் நாம் காசையும் விடுகிறோம், பல்லையும் விடுகிறோம்.

உடம்புப் பாரத்தில் பெரும்பங்கு பின் சில்லில் இறங்குகிறது. மிதிக்கிற பலம் ரோட்டுக்குப் போவதும் அதன் வழியாகத்தான். அதனால் பின் டயர் சீக்கிரம் தேய்கிறது. என் கணக்கில், முன் டயர் ஒன்று பாதி தேய்வதற்குள் பின் டயர் ஒன்று முடிந்துவிடுகிறது. ஆனால் பின் டயர் வழுக்கினாலோ வெடித்தாலோ சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடும், பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் டயர் போனால் ஹாண்டில் கையில் இல்லை. பிரேக் பிடிக்கும்போது பாரமெல்லாம் முன்னுக்குத்தான் சாய்கிறது. பின்னால் பிரைவேட் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருகிற காலி வீதியில் (கோல் ரோட்) அது எப்படி முடியும் என்று நான் எழுதத் தேவையில்லை.

ஆக நல்ல டயர் எப்போதும் முன்னுக்கு. பின் டயர் முடிந்தால், முன்னால் பாதி ஓடியதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, புதியதை முன்னுக்குப் போட வேண்டும். முன் டயர் பின் டயரைப் போலச் சப்பையாகத் தேய்வதில்லை, அதன் வட்டம் மாறாமல் இருக்கும். அதனால் பின்னால் இன்னும் பல மாதம் உழைக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு டயர்தான் வாங்குகிறீர்கள், ஒன்றும் அரைவாசியில் குப்பைக்குப் போவதில்லை, முன்னால் பத்து வருடம் கிடந்து வெடித்துப்போன டயரோடும் ஓடுவதில்லை. இரண்டையும் சும்மா இடம் மாற்றிப் போடச் சொல்கிறவர்களும் உண்டு. அது மட்டும் வேண்டாம். பின்னால் தேய்ந்து சப்பையானதை முன்னுக்குக் கொண்டுவருவதைவிடப் பேசாமல் நடந்தே போகலாம்.

சரி, அந்த ஒரு டயரை எப்படித் தெரிவது? முதலில் அளவு. விலை, கம்பனி எல்லாம் அப்புறம்.

என் நண்பன் ஒருவன் (பெயர் சொன்னால் அடிப்பான்) "இருபத்தேழு இஞ்சி" என்று கடையில் கேட்டு ஒரு டயர் வாங்கிவந்தான். விற்றவரும் ரோட் பைக் என்றால் இதுதான் என்று கொடுத்துவிட்டார். லீவர் எதுவும் இல்லாமல் கையாலேயே றிம்மில் ஏறிவிட்டது. "பார், எவ்வளவு சுகமாக ஏறுது" என்று எனக்கு வாட்சப்பில் படம் வேறு அனுப்பினான். காற்று அடிக்க அடிக்க டயர் ஒரு பக்கமாக றிம்மைத் தாண்டி வெளியே வந்து, காற்றழுத்தம் நாற்பது பி.எஸ்.ஐ. வருவதற்குள் டியூப் வெடித்தது. பக்கத்து வீட்டு அக்கா ட்ரான்ஸ்போர்மர் என்று நினைத்து வெளியே ஓடி வந்தார்.

எட்டு மில்லிமீற்றர்தான் வித்தியாசம். அவனுடைய றிம் 700சி, இன்றைய ரோட் பைக்குகளின் வழக்கமான அளவு. அதில் டயர் றிம்மில் உட்காரும் விட்டம் 622 மில்லிமீற்றர். பழைய 27 இஞ்சியில் அது 630. ஊரில் அப்பாக்கள் ஓடிய 28 இஞ்சி ஒன்றரை டயரில் 635. பெயரில் 28, 27 என்று இஞ்சியிலும் 700 என்று மில்லிமீற்றரிலும் இருப்பதை நம்பிப் போனால் கதை முடிந்தது. ஜப்பான் சைக்கிள்களில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம், கூடை வைத்த பெண்கள் சைக்கிளில் 590-ம் 630-ம் வரும். எனவே இஞ்சியைப் பார்க்காதீர்கள். டயரின் பக்கச் சுவரில் சின்ன எழுத்தில் 25-622, 28-622 என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது அந்த விட்டம். இப்போது போட்டிருக்கும் டயரில் அதைத் துடைத்துப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இரண்டாவது எண் அச்சொட்டாக ஒன்றாக இருக்க வேண்டும். முதலாவதில் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம்.

கூட்டத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஒரு காலத்தில் ரேஸ் ஓடுகிறவர்கள் எல்லாரும் 23 மில்லிமீற்றர் அகல டயரில் ஓடினார்கள், நாமும் அதைப் பார்த்து 120 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு, பாலத்து மூட்டு ஒவ்வொன்றையும் முதுகெலும்பால் எண்ணிக்கொண்டு போனோம். இப்போது அவர்களே 28-க்கும் அதற்கு மேலேயும் போய்விட்டார்கள். அகலமான டயரில் காற்றைக் குறைக்கலாம். கரடுமுரடான ரோட்டில் டயர் துள்ளாமல் உருள்கிறது, அதனால் வேகமும் குறைவதில்லை. தோண்டி மூடி, மறுபடி தோண்டி மூடிய நம் ரோட்டுகளுக்கு 28 கடவுள் கொடுத்த வரம்.

ஆனால் உங்கள் சைக்கிளில் 28 நுழையுமா? பழைய ரேஸ் பிரேம்களில் பிரேக்கின் கீழே இடம் மிகக் குறைவு. என் முறை இது: இப்போதைய டயருக்கும் பிரேக்குக்கும் நடுவில் ஐந்து மில்லிமீற்றர் அலன் கீயை விட்டுப் பார்ப்பேன், இரண்டு பக்கமும், பின் சில்லைப் பிடித்திருக்கும் முள்ளுக்குள்ளும் பார்ப்பேன். தட்டாமல் போனால் ஒரு அளவு கூட்டிப் போடத் துணிவேன். தட்டினால் இருக்கிற அளவே போதும். டயர் உயரத்திலும் கூடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்னொன்று, பழைய றிம் ஒடுக்கமானது என்றால் 28 என்று எழுதிய டயர் காற்றடித்த பிறகு 27 மாதிரித்தான் நிற்கும். என்னுடையது அப்படித்தான், அதனாலேயே நூலிழையில் தப்பி உள்ளே போனது.

இனிக் காசு. 2022-ல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360-க்குப் போனபோது டயர் விலையும் கூடவே ஏறியது, பிறகு அது இறங்கி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பிரேசிலிலிருந்து லண்டன் வழியாக வந்த ரப்பர் கன்றுகளை 1876-ல் நட்ட ஹெனரத்கொட தோட்டம் இங்கே கம்பஹாவில்தான் இருக்கிறது, ஞாயிறு காலை மிதித்துப் போய் வரலாம். போர்க்லிப்ட் வண்டிகளுக்கு முழு ரப்பர் டயர் செய்து உலகத்துக்கெல்லாம் அனுப்புகிற நாடு. நான் மட்டும் தாய்லாந்தில் செய்ததை டொலர் கணக்கில் வாங்குகிறேன். போகட்டும்.

கடைகளில் கண்ணைப் பறிப்பது மேல்தட்டு டயர். கொன்டினென்டலின் கிராண்ட் பிரிக்ஸ் 5000 2018-ல் வந்தது, அருமையான டயர், இரவல் சில்லில் ஓடிப் பார்த்திருக்கிறேன். அது உருளும்போது மிச்சமாகும் சில வாட் பலம், பந்தயத்தில் ஓடுகிறவனுக்குப் பெரிய விஷயம். தும்முல்லச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்கிற எனக்கு எதற்கு? அதே கம்பனியின் அல்ட்ரா ஸ்போர்ட், விட்டோரியா ஸபிரோ, ஷ்வால்பே லுகானோ, மிச்செலினின் கீழ்த்தட்டு டயர்கள் எல்லாம் பயிற்சிக்கென்றே செய்தவை. ரப்பர் தடிப்பு, பாரம் கொஞ்சம் கூட, உழைப்பும் கூட. இவற்றில் எது கையில் கிடைக்கிறதோ அதுதான் நல்லது.

மடிக்கக்கூடிய டயர், விளிம்பில் கம்பி வைத்த டயர் என்று இரண்டு வகை விற்பார்கள். மடிக்கிறது ஐம்பது கிராம் அளவு பாரம் குறைவு. அந்த ஐம்பது கிராமை நான் காலையில் பாணுக்குப் பட்டர் பூசாமல் குறைத்துக்கொள்கிறேன். கம்பி வைத்ததையே கேளுங்கள். சில கம்பனிகள் அதில் ரப்பருக்குள் இருக்கும் துணிப் பின்னலையும் கொஞ்சம் மட்டமாகப் போடும் என்பது உண்மைதான், இருந்தாலும் நாள்தோறும் ஓடுவதற்கு அது தெரியாது.

மிகவும் மலிவான டயரை மட்டும் வாங்கவே வேண்டாம். அனுபவத்தில் சொல்கிறேன். புறக்கோட்டைப் பக்கம் ஒரு கடையில் பாதி விலைக்கு ஒன்று வாங்கினேன். எத்தனை வருடம் கண்ணாடி அலுமாரியில் வெய்யில் காய்ந்ததோ தெரியாது, கடதாசி உறையெல்லாம் மங்கிப் போயிருந்தது. இரண்டு மாதத்தில் பக்கச் சுவரில் முடிபோல வெடிப்பு. ரப்பருக்கும் வயசாகும். இப்போதெல்லாம் பக்கச் சுவரை இரண்டு பெருவிரலாலும் வளைத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

மழைக்காலத்துக்குப் பூப்போட்ட (மேலே கோடு வெட்டிய) டயர் வேண்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேண்டாம். காரின் டயர் அகலம், தண்ணீரின் மேல் மிதக்கும், அதற்குக் கோடுகள் தேவை. சைக்கிள் டயர் ஒடுக்கமாக, வட்டமாக இருக்கிறது, நாம் போகிற வேகத்தில் அது தண்ணீரைத் தானே விலக்கிக்கொண்டு போய்விடும். நாம் விழுவது வெள்ளைக் கோட்டிலும், இரும்பு மூடியிலும், மரைன் டிரைவில் கடற்காற்று கொண்டுவந்து கொட்டுகிற மணலிலும். அந்த இடங்களில் எந்தப் பூவும் காப்பாற்றாது. மழையில் பஞ்சர் கூடுவது வேறு காரணத்தால்: ஈர ரப்பரைக் கண்ணாடித் துண்டு சுலபமாக வெட்டும், ஓரமாக ஒதுங்கிய குப்பையும் தண்ணீரோடு நடுவுக்கு வரும்.

பஞ்சர் பற்றி ஒன்று. டயரைக் குறை சொல்லும் முன் டியூபைப் பாருங்கள். ஓட்டை உட்பக்கம், அதாவது ஆரக்கம்பிப் பக்கம் என்றால் பிழை றிம்முக்குள் ஒட்டிய நாடாவில், எவ்வளவு விலைக்கு டயர் மாற்றினாலும் பஞ்சர் வரும். பாம்பு கொத்தினது மாதிரி இரண்டு ஓட்டை பக்கத்தில் பக்கத்தில் என்றால் காற்று குறைவு. வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் டயருக்குள்ளே ஒரு பஞ்சுத் துண்டை விட்டுச் சுற்றிவரத் துடையுங்கள். லோறி டயரிலிருந்து உதிர்ந்த முடியளவு கம்பி எங்காவது பஞ்சைப் பிடிக்கும். அதை எடுக்காமல் நான்கு டியூப் ஒட்டிய மடையன் ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும், ஒவ்வொரு நாளும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

காற்று: பக்கச் சுவரில் இருப்பது உச்ச அளவு, அடிக்க வேண்டிய அளவு அல்ல. நான் 72 கிலோ. 28-ல் முன்னுக்கு 65, பின்னுக்கு 75 அடிக்கிறேன். 25 என்றால் பத்துப் பதினைந்து கூட்டுவேன்.

நானா கடைசியில் மாற்றித் தந்தார். ஒரு வேலைக்குத்தான் காசு எடுத்தார், முணுமுணுப்பு இலவசம். பழைய பின் டயரின் பக்கச் சுவரில் நான்கு விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டேன். சீட்டுக்குக் கீழே உள்ள பையில் கிடக்கிறது, இனி வெட்டு விழுந்தால் உள்ளே வைக்கப் பற்பசை டியூப் தேட வேண்டாம். மிச்சத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். மொட்டை மாடியில் போட்டால் மழைத்தண்ணீர் நிற்கும், டெங்கு பார்க்க வருகிற பி.எச்.ஐ. (சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவுக்கு நான் ரோட் பைக் கதை சொல்லி விளங்கப்படுத்த முடியாது.