சாமிக்குத்தானே என்று பறிக்கப்படும் கோப்சியா

எங்கள் புளோக்கை ஒட்டிய பூங்காவுக்கு விடியற்காலையில் பிளாஸ்டிக் பையோடு பூப்பறிக்க வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து என் பொறுமை முழுவதும் கரைந்துவிட்டது. செம்பருத்தியையும் இட்லிப்பூவையும் பறிப்பதே தவறு. இப்போது அவர்கள் கை வைத்திருப்பதோ, இந்தத் தீவின் பெயரையே தன் அறிவியல் பெயரில் தாங்கி நிற்கும் சிங்கப்பூர் கோப்சியாவின்மீது.

வெள்ளைவெளேரென்ற ஐந்து இதழ்கள், நடுவில் குங்குமம் வைத்தாற்போன்ற சிவப்பு, அதன் கீழே மெல்லிய நீண்ட குழல். பார்த்த மாத்திரத்தில் நித்தியகல்யாணி என்றே எவருக்கும் தோன்றும். இரண்டும் அரளியும் நந்தியாவட்டையும் சேர்ந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் அந்த மயக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நித்தியகல்யாணி, மடகாஸ்கரில் தோன்றி வெப்ப நாடுகளெங்கும் பரவி, சுவர் இடுக்கில்கூட முளைத்துவிடுகிற செடி. கோப்சியாவோ சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் மட்டுமே இயற்கையாக வளரக்கூடியது. 1888 முதல் 1911 வரை இங்குள்ள தாவரவியல் பூங்காவுக்குத் தலைமை வகித்த ஹென்ரி ரிட்லிதான் அதற்கு அந்த அறிவியல் பெயரைச் சூட்டினார். வாழிடம் அழிந்து வருவதால் அது அழிவு அபாயத்தை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது.

அதற்கு உரிய இடம் நன்னீர்ச் சதுப்பு நிலக் காடு. மரங்கள் நிற்பதற்கே முட்டுக்கொடுக்கும் வேர்களையும், மூச்சுவிடச் சேற்றுக்கு மேலே நீட்டும் வேர்களையும் வளர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் நிலம் அது. உதிர்ந்த இலைகள் ஊறித் தேநீர் நிறமேறிய, சற்றே அமிலத்தன்மை கொண்ட நீர், அடர்ந்த நிழலுக்கடியில் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் மண்டாய், ஜூரோங், செம்பவாங் வட்டாரங்களிலும் அத்தகைய காடுகள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில், தோல் பதனிடப் பயன்பட்ட கேம்பியர் செடிக்காகவும் மிளகுக்காகவும் தீவின் பெரும்பகுதியை வெட்டித் தீர்த்தார்கள். மிச்சமிருந்ததை ரப்பரும் அன்னாசியும் விழுங்கின. பழைய தன்மை மாறாமல் இன்று எஞ்சியிருப்பது, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் இருக்கும் நீ சூன் சதுப்பு நிலக் காடு ஒன்றுதான். அதன் பெயரே ரப்பர், அன்னாசித் தொழிலில் கொடிகட்டிப் பறந்த லிம் நீ சூனின் பெயராக அமைந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கசந்துபோகிறது. இந்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட நன்னீர் மீன் இனங்களில் ஏறத்தாழப் பாதி அந்தச் சிறு நிலத்தில் பிழைத்துக் கிடக்கின்றன. தண்ணீர் மட்டம் சற்றே இறங்கினாலும் பாதிக்கப்படக்கூடிய அத்தகைய இடத்தை மட்டும் நம்பி ஓர் இனத்தை விட்டுவைக்க முடியாது என்பதால்தான், காட்டில் அருகிவிட்ட உள்ளூர்ச் செடிகளைப் பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் நட்டு வளர்க்கிறார்கள்.

அப்படி நட்ட செடியைத்தான் இவர்கள் மொட்டையடிக்கிறார்கள். கோப்சியா கிளை நுனியில் கொத்தாகப் பூப்பது. பொறுமையாக ஒரு பூவைக் கிள்ளுவதற்குப் பதிலாக நுனியையே ஒடித்துப் பைக்குள் போடுவதால், அன்று மலர்ந்த பூவோடு அடுத்தடுத்து மலரவிருந்த மொட்டுகளும் சேர்ந்தே போய்விடுகின்றன. ஒடித்த இடத்தில் வெள்ளைப் பால் சொட்டுச் சொட்டாக வடிந்து அடியிலுள்ள இலைகளில் உறைந்து கிடப்பதைக் காலை நடைக்குப் போகும் எவரும் பார்க்கலாம். பூவே நிற்காத செடியில் காய் எப்படி வரும்? காய் இல்லாமல் விதை எப்படிக் கிடைக்கும்? போதாக்குறைக்கு, புதர் வெட்ட வரும் ஒப்பந்த ஊழியர்களும் எல்லாச் செடிக்கும் ஒரே அளவு என்று இயந்திரத்தை ஓட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அந்தக் கோபம் எனக்கு அவர்களை வேலைக்கு அனுப்புகிறவர்கள் மீதுதான்.

கேட்டால் என்ன பதில் வருகிறது தெரியுமா? "சாமிக்குத்தானே தம்பி எடுத்துட்டுப் போறேன், இதுல என்ன பாவம்?" என்கிறார் ஓர் அக்கா. "கவர்மெண்டு வெச்ச செடிக்கு நீ என்ன காவக்காரனா?" என்று முறைக்கிறார் ஓர் அண்ணன். பொதுப் பூங்காவில் செடியைச் சிதைத்தால் 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. இயற்கை வனப்பகுதிக்குள் அதையே செய்தால் 50,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம் என்றெல்லாம் எடுத்துச் சொன்னால், சட்டம் பேசுகிறான் என்ற பெயர்தான் மிஞ்சுகிறது. அடுத்தவர் தோட்டத்துப் பூவைக் கேட்காமல் பறித்துச் சாத்தக்கூடாது என்று நமக்குச் சொல்லித்தந்த பாட்டிகள் எந்தச் சட்டத்தையும் படித்தவர்கள் அல்லர். ஊர் மொத்தத்துக்கும் சொந்தமான பூவுக்கு அது பொருந்தாதா?

தேக்காவில் பஃபலோ ரோட்டுக் கடைகளில் மல்லிகையும் சாமந்தியும் நாள் தவறாமல் கிடைக்கின்றன. அதற்கும் செலவழிக்க மனமில்லாதவர்கள், வீட்டு வாசல் தாழ்வாரத்தில் ஒரு தொட்டியில் நித்தியகல்யாணியை வையுங்கள். வெயிலும் கொஞ்சம் தண்ணீரும் இருந்தால் ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டே இருக்கும். உங்கள் சாமிக்கு ஒரு நாளும் பூக்குறை வராது. தொட்டியும் மண்ணும் நாற்றும் வாங்குவதுதான் சிரமம் என்றால் சொல்லுங்கள், நானே வாங்கி உங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன். கோப்சியாவை மட்டும் விட்டுவிடுங்கள்.