ஆறு மாதம்வரை வீட்டுக்குள்ளேயா?
நாய்க்குட்டியை ஆறு மாதம்வரை வெளியே கொண்டுபோகவே கூடாது என்று நாய் வளர்ப்பு பற்றிய கட்டுரை ஒன்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தடுப்பூசிகள் முடியும்வரை தெருநாய்கள் திரியும் மண்ணில் இறக்கக்கூடாது என்பது சரி. நாய்க் கழிவு பட்ட மண்ணிலிருந்து தொற்றும் பார்வோ என்ற வைரஸ் வயிற்றுநோய் பொல்லாதது. ஆனால் புதியவற்றோடு பயமின்றிப் பழகும் பருவம் குட்டிக்கு ஏறக்குறைய 3 முதல் 14 வாரம்வரைதான். அதனால் எங்கள் குட்டியை 9ஆவது வாரத்திலிருந்தே கையில் தூக்கிக்கொண்டு திருகோணமலை பஸ் நிலையத்தையும் மீன் சந்தையையும் காட்டினோம். ஊசிகள் முடிந்தபின் டச்சுக்குடாக் கடற்கரையில் நீளக் கயிற்றோடு விளையாட்டு: "வா" என்றதும் ஓடிவந்தால் அவித்த மீன் துண்டு ஒன்று, உடனே மறுபடி விளையாட விடுவோம். கூப்பிட்டாலே விளையாட்டு முடிந்துவிடும் என்று பட்டுவிட்டால் எந்தக் குட்டியும் வராது. பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் மான்களை முதலில் கண்டபோது காதுகளைக் குத்திட்டு, உடம்பு விறைக்க நின்றான். கயிற்றை இழுக்கவில்லை, பேசிக்கொண்டே இருபது அடி தள்ளிப் போனோம். அவனாகவே என் முகத்தைத் திரும்பிப் பார்த்த நொடியில் மீன் கொடுத்தேன். இப்போது மான் எதிரே வந்தால், அதைப் பார்த்துவிட்டு என்னைத்தான் தேடுகிறான்.