பூட்டிக் கிடக்கும் கடையே சந்தையின் பெரிய விளம்பரப் பலகை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய உள்ளரங்கச் சந்தையின் வியாபாரிகள் சங்கத்துக்கு விளம்பர வேலைகளில் உதவ ஒப்புக்கொண்டேன். முதல் வேலையாக ஒரு சனிக்கிழமை விழா நடத்தினோம். பிரதான வாயிலில் மேடை போட்டு இசைக்குழுவை அமர்த்தினோம், குழந்தைகளின் முகத்தில் வண்ணம் தீட்ட ஆள் வைத்தோம், பலூன்களுக்கும் குறைவில்லை. வாயிலில் பொருத்தப்பட்டிருந்த எண்ணும் கருவி, வழக்கமான சனிக்கிழமையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு பேர் உள்ளே வந்ததாகக் காட்டியது. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டோம். மாலையில், பொத்தானும் ஜிப்பும் நூல்கண்டும் விற்கும் ஓர் அம்மாவின் கடைக்குப் போனபோது, அவர் கணக்கு நோட்டைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். அன்றைய விற்பனை, அதற்கு முந்தைய நான்கு சனிக்கிழமைகளில் எதையும் எட்டவில்லை. "கூட்டம் வந்துச்சு தம்பி, பையோட ஒருத்தரும் வரலையே" என்றார். வாயிலை மேடை அடைத்துக்கொண்டதால் வழக்கமாக வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். இசைக்காக வந்தவர்கள் இசை முடிந்ததும் கலைந்துவிட்டார்கள்.

திட்டமிட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால் பழியை வேறு யார் மீதும் போட முடியவில்லை. அன்றிலிருந்து எந்தச் சந்தைக்குப் போனாலும் உள்ளே போகிற தலைகளை நான் எண்ணுவதில்லை. வெளியே வருகிற கைகளில் பை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். வாயிலருகே கால் மணி நேரம் நின்றால் போதும், மாதாந்திர அறிக்கை சொல்லாத பலவும் தெரிந்துவிடும்.

பாரம்பரியமான நகரச் சந்தைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்களில் பெரும்பாலோர் விளம்பரத்திலிருந்தே தொடங்குகிறார்கள். புதிய சின்னம், புதிய வாசகம், முகநூல் பக்கம், திருவிழா என்று பட்டியல் நீள்கிறது. இவை எதுவும் தவறில்லை. ஆனால் அத்தனை விளம்பரத்தையும் பார்த்துவிட்டு ஒருவர் உள்ளே வரும்போது, இடப்பக்கம் மூன்று கடைகள் ஷட்டர் இறங்கிப் பூட்டிக் கிடந்தால், அந்த ஷட்டர்கள் சொல்லும் செய்தியே அவர் மனத்தில் நிற்கும். தெருவில் ஒரு கடை மூடினால் அது அந்தக் கடைக்காரரின் இழப்பு. ஒரே கூரையின் கீழ் ஒரு கடை மூடினால் அது அண்டையில் இருப்பவர்கள் அனைவரின் இழப்பு. நான்கு பொருள்கள் வாங்க வருகிறவருக்கு அவற்றில் ஒன்று கிடைக்காமல் போனால், அந்த ஒன்றை வாங்க வேறிடம் போவார். போன இடத்தில் மற்ற மூன்றும் இருந்தால் அடுத்த வாரம் நேராக அங்கேயே போய்விடுவார். கடைகள் குறைந்த பின்னும் விளக்கு, துப்புரவு, காவல் ஆகியவற்றின் செலவு குறைவதில்லை. அது மிச்சமிருப்பவர்களின் தலையில் விழுகிறது. அதைத் தாங்க முடியாத அடுத்த கடையும் மூடுகிறது. இந்தச் சரிவைச் சுவரொட்டி ஒட்டி நிறுத்திய சந்தை ஒன்றையும் நான் கண்டதில்லை.

ஆகவே காலியான கடையை யாருக்கு, எந்த விதத்தில் கொடுக்கிறோம் என்பதே சந்தை நிர்வாகத்தின் முதல் வேலை என்பது என் கருத்து. பெரும்பாலான நிர்வாகங்கள் இதை வருவாய்த் துறைக் காரியமாகவே பார்க்கின்றன: ஏலம் விடு, அதிகம் கேட்டவருக்குக் கொடு, முன்பணத்தை வாங்கிக்கொள். அதன் விளைவாக ஒரே வரிசையில் அடுத்தடுத்து நான்கு கைப்பேசி உறைக் கடைகள் வந்து அமர்ந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கைப்பேசி உறை விற்பவர் மீது எனக்கு எந்த மனக்குறையும் இல்லை; ஆனால் நான்காவது கடைக்காரர் பிழைக்க மாட்டார் என்பது அவரிடம் முன்பணம் வாங்கிய நாளிலேயே நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதத்தில் அவர் பாக்கி வைத்துவிட்டுப் போனார். அதிக வாடகைக்குப் போன அந்தக் கடை பிறகு ஓராண்டு பூட்டிக் கிடந்தது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1907-இல் தொடங்கிய பைக் பிளேஸ் சந்தையை இடித்துவிட்டுப் பெரிய கட்டடங்கள் எழுப்பும் திட்டம் வந்தபோது, 1971-இல் நகர மக்கள் வாக்களித்து அதைத் தடுத்தார்கள். பலரும் அந்தக் கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பின் நடந்ததே எனக்கு முக்கியமாகப் படுகிறது. சந்தையைச் சுற்றிய 7 ஏக்கர் பாதுகாக்கப்பட்ட பகுதியாயிற்று. கட்டடத்தின் தோற்றத்தை மட்டுமன்றி, எந்தக் கடையில் எந்தத் தொழில் நடக்கலாம், கடை யார் கைக்கு மாறலாம் என்பதையும் கவனிக்க ஓர் ஆணையம் வந்தது. 1973-இல் சந்தையை நடத்துவதற்கென்றே தனியாக ஒரு பொது அமைப்பு உருவாக்கப்பட்டது. கடையை எடுத்தவரே கடையில் நின்று நடத்த வேண்டும் என்ற நெறி அங்கே வலுவாகப் பேணப்படுகிறது. உள்வாடகை என்னும் கரையான் எத்தனை சந்தைகளை அரித்திருக்கிறது என்று அறிந்தவர்களுக்கு இந்த ஒரு நெறியின் மதிப்பு புரியும். குத்தகை ஒருவர் பெயரில், பலகை இன்னொருவர் பெயரில், கல்லாவில் அமர்ந்திருப்பவர் மூன்றாமவர் என்று இருக்கும் இடத்தில் நடைபாதை ஆக்கிரமிப்பைப் பற்றிக்கூட யாரிடம் பேசுவது என்று தெரியாது.

புதியவர்கள் எளிதாக நுழைய வழி இருக்க வேண்டும் என்பது இதன் மறுபக்கம். மைக்கேல் மார்க்ஸ் என்னும் அகதி, கடனாகப் பெற்ற பணத்தைக் கொண்டு 1884-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கிர்க்கேட் சந்தையில், எதை எடுத்தாலும் ஒரு பென்னி என்று ஒரு சிறு கடை போட்டார். பத்தாண்டு கழித்துத் தாமஸ் ஸ்பென்சர் கூட்டுச் சேர்ந்தார்; அதுவே மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனமாக வளர்ந்தது. நியூகாசில் நகரத்துக் கிரெயிஞ்சர் சந்தையில் 1895-இல் தொடங்கிய அவர்களின் பென்னிக் கடை இன்றும் அந்தக் கூரையின் கீழ்தான் இருக்கிறது. மூன்று ஆண்டுக் குத்தகை, ஆறு மாத முன்பணம், இரண்டு பேர் ஜாமீன் என்று அன்று கேட்டிருந்தால் மார்க்ஸ் வாசலிலேயே நின்றிருப்பார். நாள் வாடகைக்குச் சில மேசைகள், முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த வாடகை, பிறகு படிப்படியான ஏற்றம் என்ற முறை ஒவ்வொரு சந்தையிலும் வேண்டும்.

இதைச் சொன்னவுடன் பழைய வியாபாரிகள் கோபப்படுவார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக ஒரு மாதமும் தவறாமல் வாடகை கட்டியவருக்குச் சலுகை இல்லை, நேற்று வந்தவருக்குப் பாதி வாடகையா என்ற கேள்விக்கு, "நகர வளர்ச்சி" என்று பொதுவாகப் பதில் சொல்லித் தப்பிக்க முடியாது. சலுகை எத்தனை மாதம், எந்தக் கடைகளுக்கு, ஏற்கெனவே உள்ளே விற்கப்படும் பொருளுக்கு அது உண்டா இல்லையா என்பதை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். வியாபாரிகள் சலுகையைவிட ரகசியத்தையே அதிகம் வெறுக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

திறக்கும் நேரம் அடுத்த சிக்கல். நாளங்காடி, அல்லங்காடி என்று பகல் சந்தைக்கும் இரவுச் சந்தைக்கும் தனித்தனிப் பெயர் வைத்த மொழியில், எப்போது திறந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத சந்தைகள் இருப்பது வேடிக்கைதான். நேரத்தை நீட்டிக்க வேண்டும் என்று ஆலோசகர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். விடியற்காலையில் சரக்கு எடுக்கப் போகிறவர் இரவு எட்டு மணி வரை எப்படி நிற்பார் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. நீண்ட நேரத்தைவிட ஒத்த நேரம் முக்கியம். ஐந்து மணி வரை என்று பலகையில் எழுதியிருந்தால் ஐந்து மணி வரை எல்லாக் கடைகளும் திறந்திருக்க வேண்டும். மூன்றரைக்கு வருகிறவர் பாதி ஷட்டர்கள் பாதி இறங்கியிருப்பதைக் கண்டால், தாம் வேண்டாத விருந்தாளி என்று நினைத்துக்கொள்வார். வேலைக்குப் போகிறவர்களுக்காக வாரத்தில் ஒரு மாலை மட்டும் எல்லோரும் சேர்ந்து திறப்பது, ஆறு நாளும் சிலர் மட்டும் திறந்து வைப்பதைவிடப் பயன் தருகிறது.

நல்ல மேலாளரை அவருடைய செருப்பைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளலாம் என்று நான் நண்பர்களிடம் சொல்வதுண்டு. தினமும் காலையில் சந்தை திறக்கும்போது எல்லா வரிசையிலும் நடந்து வருகிறவருக்கு எந்தக் குழல்விளக்கு இமைக்கிறது, எந்த வடிகாலில் தண்ணீர் தேங்குகிறது, புறாக்கள் எந்த உத்தரத்தில் கூடு கட்டுகின்றன, எந்தக் கடையில் இரண்டு நாளாகப் போணியே ஆகவில்லை என்பதெல்லாம் தெரியும். மாடியில் அமர்ந்து வாடகை ரசீது மட்டும் போடுகிறவருக்கு மூன்றாவது மாதம் பாக்கி ஏறும்போதுதான் தெரியும். அதற்குள் அந்த வியாபாரி மனத்தளவில் கடையைக் காலி செய்திருப்பார். கழிப்பறையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்தத் திட்ட அறிக்கையிலும் அது கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறது: வயதானவர்களும் குழந்தையோடு வரும் தாய்மார்களும் ஒரு சந்தையில் எவ்வளவு நேரம் செலவிடுவார்கள் என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

புதுப்பிக்கும் பணி தொடங்கினால் வியாபாரிகளுக்கு உயிர் போய் உயிர் வரும். பாரிஸின் மையத்தில் இருந்த லே ஆல் மொத்தச் சந்தையின் வணிகம் 1969-இல் நகருக்கு வெளியே ருங்கிஸுக்கு மாற்றப்பட்டது. விக்டர் பால்தார் வடிவமைத்த இரும்பு மண்டபங்கள் 1971 முதல் இடிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றைப் பெயர்த்து நோஜான் சூர் மார்ன் என்னும் ஊரில் நிறுத்தினார்கள். அங்கே இன்று நிகழ்ச்சிகள் நடக்கின்றன. இரும்பு பிழைத்துக்கொண்டது, சந்தை பிழைக்கவில்லை. பார்சிலோனாவின் சான்ட் அந்தோனி சந்தையில் வேறு வழியைப் பின்பற்றினார்கள். 1882-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தைப் புதுப்பிக்க 2009-இலிருந்து 2018 வரை, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆயின. தோண்டத் தோண்டப் பழைய கோட்டைச் சுவர் வெளிப்பட்டது, ரோமானியச் சாலை வெளிப்பட்டது. பணி இழுத்துக்கொண்டே போயிற்று. அவ்வளவு காலமும் வியாபாரிகள் பக்கத்துத் தெருவிலேயே தற்காலிகக் கூடாரங்களில் விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்குகிறவர்களின் கால் பழக்கம் மாறவில்லை. "ஆறு மாதம் மூடிவிட்டு அழகாகத் திறக்கிறோம்" என்று எந்த நிர்வாகம் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, அந்த ஆறு மாதம் விற்க எங்கே இடம் என்பதைத்தான்.

இப்போது எல்லா இடத்திலும் சொல்லப்படும் தீர்வு உணவுக்கூடம். மான்செஸ்டருக்கு அருகில் உள்ள ஆல்ட்ரிங்கம் 1290-இலேயே சந்தை நடத்த அரச உரிமை பெற்ற ஊர். பேரங்காடிகளின் போட்டியில் அதன் கடைத்தெரு நலிந்து கிடந்தது. 2014-இல் அதன் சந்தை மண்டபம் பொது மேசைகளும் சிறு சமையலறைகளுமாக மாற்றித் திறக்கப்பட்டபின் ஊர் மீண்டும் எழுந்ததை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதைப் பார்த்து நகலெடுப்பவர்கள், மண்டபம் முழுவதையும் சாப்பாட்டு மேசைகளால் நிரப்பிவிட்டு, வீட்டுக்கு எடுத்துப் போகப் பொருள் விற்கிறவர்களை மூலைக்குத் தள்ளுகிறார்கள். சாப்பிட வருகிறவரும் பையில்லாமல் வருகிறவர்தான். பார்சிலோனாவின் போக்கெரியா சந்தையில் பார்வையாளர் நெரிசல் அளவு மீறிப் போய், 2015-இல் வெள்ளி, சனிக்கிழமைகளில் பெரிய சுற்றுலாக் குழுக்கள் உள்ளே வரக் கூடாதென்று நகராட்சி தடை போட வேண்டியதாயிற்று. விளம்பரம் தோற்றால் எப்படியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது அளவுக்கு மீறி வென்றாலும் அன்றாடம் வாங்குகிறவருக்கு உள்ளே இடமில்லாமல் போகும் என்பதற்கு அந்தத் தடை சாட்சி.

அப்படியானால் விளம்பரமே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், ஆனால் உள்ளே இருப்பதைச் சொல்லும் விளம்பரம் வேண்டும். வாயிலில் எந்தக் கடை எந்த வரிசையில் இருக்கிறது என்று காட்டும் தெளிவான வரைபடம், கூகுள் வரைபடத்தில் சரியான திறக்கும் நேரம், தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே வெளிச்சம் தெரியும் வாயில் ஆகிய மூன்றும் இல்லாமல் வேறெதற்கும் பணம் செலவழிக்கக் கூடாது. அதன் பிறகு, அன்றன்று வந்த சரக்கைக் காட்டி அந்தந்த வியாபாரியே பேசும் அரை நிமிடக் காணொளி, விலைகொடுத்து எடுத்த விளம்பரப் படத்தைவிட நன்றாக வேலை செய்கிறது. ஒவ்வொரு சந்தையிலும் வேறெங்கும் இல்லாத ஏதோ ஒன்று இருக்கும். கிரெயிஞ்சர் சந்தையில் சரக்கை எடைபோட அமைந்த எடைச்சாவடி ஒன்று உண்டு. இப்போது மனிதர்கள் சில்லறை கொடுத்துத் தங்களை எடைபோட்டுக்கொள்ள அங்கே போகிறார்கள். எந்த விளம்பர நிறுவனமும் அமர்ந்து யோசித்து இப்படி ஒன்றை உருவாக்கிவிட முடியாது; இருப்பதை ஒழிக்காமல் இருந்தால் போதும்.

பொத்தான் கடை அம்மா அடுத்த ஆண்டோடு ஓய்வு பெறப் போகிறார். பிள்ளைகள் யாரும் தொழிலுக்கு வரவில்லை. ஒரு கிழிந்த சட்டையைக் கொண்டு போய் மேசையில் வைத்தால், அதன் மற்றப் பொத்தான்களோடு பொருந்தும் ஒன்றை அவர் சிறு பெட்டிகளின் அடுக்கிலிருந்து பார்க்காமலேயே கைவிட்டு எடுப்பார். அந்த அறிவைக் குத்தகைப் பத்திரத்தில் எழுதி மாற்றிக்கொடுக்க முடியாது. தையல் தெரிந்த இளையவர் ஒருவரைத் தேடி, ஆறு மாதம் அவரோடு நிற்க வைத்து, அதன்பின் அதே தொழிலுக்கு அந்தக் கடையைக் கொடுக்க வேண்டும் என்று சங்கத்தின் வழியே நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறோம். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. கடையை ஏலத்துக்குச் சேர்க்கும் பட்டியல் மட்டும் தயாராகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். முழங்கால் வலியால் இரண்டு ஷட்டரையும் தூக்க முடியாததால், போன மாதத்திலிருந்து அவர் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்.