கியர் இல்லாத கார்

சேலம் அழகாபுரத்தில் ஒரு வீட்டு வாசல். பொங்கல் முடிந்து நான்கு நாள் ஆகிறது. விசாலாட்சி முறத்தில் மொச்சைக்காயைக் குவித்து வைத்து உரித்துக்கொண்டிருக்கிறாள். கணவர் சண்முகம் ஆட்டோவில் வந்து இறங்குகிறார். காரில் போனவர் ஆட்டோவில் திரும்பி வந்தால் எந்த மனைவிக்கும் பாதி விஷயம் புரிந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் இந்த உரையாடல்.

விசாலாட்சி: கார் எங்கே?

சண்முகம்: சர்வீஸ் சென்டரில் விட்டிருக்கிறேன். சின்ன வேலைதான்.

விசாலாட்சி: சின்ன வேலை என்றால் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடுமா?

சண்முகம்: அதைவிடக் கொஞ்சம் மேலே போகும்.

விசாலாட்சி: எவ்வளவு மேலே? மொட்டை மாடி உயரமா, ஏற்காடு உயரமா?

சண்முகம்: முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடு.

விசாலாட்சி: ஏற்காடுதான் என்று தெரிகிறது. எதில் கோளாறு?

சண்முகம்: கியர்பாக்ஸில்.

(மொச்சை உரித்துக்கொண்டிருந்த விரல்கள் நிற்கின்றன.)

விசாலாட்சி: யாருடைய கியர்பாக்ஸ்?

சண்முகம்: நம்முடையதுதான்.

விசாலாட்சி: நம் காரில்தான் கியரே கிடையாதே! வாங்கின அன்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தீர்களே, "கியர் இல்லாத கார், கியர் இல்லாத கார்" என்று? பால்காரர் கேட்காமலே அவரிடமும் சொன்னீர்கள்.

சண்முகம்: அது பேச்சு வழக்கு. நாம் கையால் கியர் போட வேண்டியதில்லை என்று அர்த்தம். உள்ளே கியர் இருக்கிறது.

விசாலாட்சி: எத்தனை?

சண்முகம்: ஏழு.

விசாலாட்சி: என் தம்பி தலையில் கட்டினீர்களே, அந்தப் பழைய காரில் எத்தனை?

சண்முகம்: ஐந்து.

விசாலாட்சி: ஐந்து இருந்தால் கியர் உள்ள கார். ஏழு இருந்தால் கியர் இல்லாத கார். சரி, நன்றாக இருக்கிறது கணக்கு. கிளட்சாவது இல்லையா?

சண்முகம்: கிளட்ச் பெடல் இல்லை.

விசாலாட்சி: பெடலைக் கேட்கவில்லை. கிளட்ச்?

சண்முகம்: (மெதுவாக) இரண்டு இருக்கிறது.

விசாலாட்சி: இதற்கு நீங்கள் கியர், கிளட்ச் எல்லாம் உள்ள காரையே வாங்கியிருக்கலாம். இல்லாத சாமான்கள் கொஞ்சம் குறைவாகவாவது இருந்திருக்கும்.

சண்முகம்: இது நுட்பமான விஷயம், விசாலம். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு ஆகிய கியர்கள் ஒரு கிளட்சுக்கு. இரண்டு, நான்கு, ஆறு, அத்துடன் ரிவர்ஸ் இன்னொரு கிளட்சுக்கு. ஒன்று வேலை செய்துகொண்டிருக்கும்போதே மற்றதன் பக்கம் அடுத்த கியர் தயாராக நிற்கும். அதனால்தான் கியர் மாறுவதே நமக்குத் தெரிவதில்லை.

விசாலாட்சி: ஒரு மருமகள் தோசையைத் திருப்பும்போதே இன்னொருத்தி அடுத்த கரண்டி மாவோடு நிற்பதுபோல.

சண்முகம்: அதேதான்! இப்போது இரண்டாவது மருமகள் கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரிவர்ஸும் அவள் பொறுப்பில் இருப்பதால், கல்யாண மண்டபத்து வாசலில் முன்பக்கமாக நுழைத்த காரைப் பின்னால் எடுக்க முடியவில்லை. மாப்பிள்ளை அழைப்புக் கார் எனக்குப் பின்னால். நாதஸ்வரக்காரர்கள் உட்பட ஆறு பேர் சேர்ந்து தள்ளினார்கள்.

விசாலாட்சி: தவில் வாசிப்பவர் தள்ளினாரா?

சண்முகம்: அவர் தள்ளவில்லை. வாசித்தார்.

விசாலாட்சி: எஸ்டிமேட் எங்கே?

(சண்முகம் சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த காகிதத்தை எடுத்து, அதில் இரண்டு மடிப்பை மட்டும் பிரித்துக் காட்டுகிறார். விசாலாட்சி மீதியைப் பிரிக்கிறாள்.)

விசாலாட்சி: கிளட்ச் செட் 72,000. மெகட்ரானிக் 94,000. எண்ணெய் 7,500. லேபர் 16,500. மொத்தம் 1,90,000. அதற்கு மேல் வரி 34,200. ஆக 2,24,200 ரூபாய். இதுதான் சின்ன வேலையா?

சண்முகம்: ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதிக்கு முன்னால் கார் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். இப்போது 18. பாகங்களில் மட்டும் நமக்கு 16,600 ரூபாய் லாபம்.

விசாலாட்சி: இன்னும் இரண்டு தடவை கெட்டுப்போனால் அரை லட்சம் சேர்த்துவிடுவோம். அந்த மெகட்ரானிக் என்பது என்ன?

சண்முகம்: அது கியர்பாக்ஸின் மூளை. எப்போது எந்த கியர் விழ வேண்டும் என்று முடிவு செய்து, வால்வுகளைத் திறந்து மூடி, கிளட்சை இயக்குவது அதுதான்.

விசாலாட்சி: இந்த வீட்டில் 94,000 ரூபாய்க்கு மூளை வாங்குவதாக இருந்தால் முதலில் காருக்கு வாங்க மாட்டேன்.

சண்முகம்: கிண்டல் செய்யாதே. இது நேற்று வந்த சாதனம் இல்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை 1939-லேயே ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்காக அமெரிக்காவில் தயாரித்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளில்கூடப் பொருத்தினார்கள்.

விசாலாட்சி: அந்தக் கியர்பாக்ஸும் இதுவும் ஒன்றா?

சண்முகம்: இல்லை. அது வேறு வகை. எண்ணெய் வழியாக விசை போகும். முரட்டு வண்டி தாங்கும்.

விசாலாட்சி: அப்படியானால் அதன் பெருமை இதற்கு எதற்கு? தாத்தா பயில்வான் என்பதால் பேரன் மூட்டை தூக்கிவிடுவானா? இன்சூரன்ஸ் கொடுக்காதா?

சண்முகம்: மோதினால் கொடுப்பார்கள். தேய்ந்தால் கொடுக்க மாட்டார்கள்.

விசாலாட்சி: எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக ஒன்று கட்டினோமே?

சண்முகம்: அது வெள்ளத் தண்ணீர் உள்ளே புகுந்து கெட்டால், இல்லாவிட்டால் எண்ணெய் ஒழுகிக் கெட்டால். நம் காருக்குள் தண்ணீரே போகவில்லை.

விசாலாட்சி: அதற்கும் நாம் கொடுத்து வைக்கவில்லை. வாரண்டியை நீட்டித்துக்கொள்ளுங்கள் என்று ஷோரூம் பெண் சொன்னாளே, 22,000 ரூபாய்க்கு?

சண்முகம்: (செருப்பைக் கழற்றி ஜோடி சேர்த்து வைக்கிறார்.) சொன்னாள்.

விசாலாட்சி: என்ன பதில் சொன்னீர்கள்?

சண்முகம்: ஞாபகம் இல்லை.

விசாலாட்சி: எனக்கு இருக்கிறது. "அதெல்லாம் பயந்தவர்கள் வாங்குவது, அம்மா" என்றீர்கள். அதே கையோடு 24,000 ரூபாய்க்குத் தோல் சீட் உறை போட்டுக்கொண்டீர்கள். இப்போது சீட் உறை நன்றாக இருக்கிறதா?

சண்முகம்: புதிது போலவே இருக்கிறது.

விசாலாட்சி: சரி, இது ஏன் கெட்டது?

சண்முகம்: தேய்மானம் என்கிறார்கள்.

விசாலாட்சி: நாலு வருஷத்தில் 38,000 கிலோமீட்டர் ஓடியதற்கா? மெக்கானிக் வேறு ஏதாவது கேட்டிருப்பாரே.

சண்முகம்: மலையில் ஓட்டுவீர்களா என்று கேட்டார்.

(விசாலாட்சி முறத்தைக் கீழே வைக்கிறாள். இது நல்ல அறிகுறி இல்லை.)

விசாலாட்சி: போன மே மாதம். ஏற்காடு கோடை விழா. ஞாயிற்றுக்கிழமை. இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. பதினான்காவது வளைவில் என்ன செய்தீர்கள்?

சண்முகம்: வண்டியை நிறுத்தினேன்.

விசாலாட்சி: எதை மிதித்து?

சண்முகம்: ஆக்ஸிலேட்டரை.

விசாலாட்சி: "பார் விசாலம், பிரேக்கே மிதிக்காமல், ஹேண்ட்பிரேக்கும் போடாமல், ஏற்றத்தில் வண்டி சிலை மாதிரி நிற்கிறது பார்!" அரை மணி நேரம் அந்தச் சிலையைக் காட்டினீர்கள். மெக்கானிக் அதற்கு என்ன சொன்னார்?

சண்முகம்: இந்தக் கிளட்ச் எண்ணெயில் நனையாத உலர் வகை, காற்றில்தான் ஆற வேண்டும், ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரைப் பாதி மிதித்து நிறுத்தினால் தகடு வழுக்கிக்கொண்டே இருக்கும், அந்தச் சூட்டில் கருகிவிடும் என்றார். பிரேக்கில் நிறுத்தியிருந்தால் கிளட்ச் விடுபட்டு ஓய்வாக இருந்திருக்குமாம்.

விசாலாட்சி: தீய்ந்த வாடை வருகிறது என்று அன்றே சொன்னேன்.

சண்முகம்: முன்னால் நின்ற லாரி என்று நினைத்தேன்.

விசாலாட்சி: முன்னால் நின்றது ஸ்கூட்டர். அதில் இருந்தவரே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி நம்மைப் பார்த்தார். நீங்கள் அவருக்குக் கையசைத்தீர்கள்.

(விசாலாட்சி போனை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள். ஐந்து நிமிடம் பேச்சுச் சத்தம். இடையில் ஒரு முறை பெரிய சிரிப்பு. சண்முகம் வேறு வேலை இல்லாமல் மொச்சை உரிக்கிறார். பருப்பை முறத்திலும் தோலைக் கிண்ணத்திலும் போடுகிறார்.)

விசாலாட்சி: தம்பியிடம் பேசினேன்.

சண்முகம்: அவனிடமா? ஏன்?

விசாலாட்சி: கொண்டலாம்பட்டியில் அவனுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இந்த வகை கியர்பாக்ஸைப் பிரித்து வேலை செய்கிறவராம். கம்ப்யூட்டரில் எடுத்த கோளாறு ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். கருகினது கிளட்ச் என்றால் முதலில் கிளட்சை மட்டும் மாற்றி, கம்ப்யூட்டரில் அளவைப் புதிதாகப் பதிய வைத்து ஓட்டிப் பார்க்கலாமாம். மூளையை அவசரப்பட்டு மாற்ற வேண்டாமாம். வரியோடு ஒரு லட்சத்துக்குள் வரும் என்கிறார். கழற்றின பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் சொன்னார்.

சண்முகம்: கம்பெனிக்காரர்கள் மொத்தமாக மாற்றத்தானே சொல்கிறார்கள்?

விசாலாட்சி: பிரித்துப் பார்க்க மனம் இல்லாதவர்கள் மொத்தமாகத்தான் மாற்றுவார்கள். நாளைக்கே போய் ரிப்போர்ட்டை வாங்குங்கள். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு மட்டும் வந்துவிடாதீர்கள். மேலே ஏற்றிக்கொண்டு வரும் லாரியில்தான் கொண்டு வர வேண்டுமாம்.

சண்முகம்: அவன் பழைய காருக்குக் கிளட்ச் மாற்றினானே, எவ்வளவு ஆனது?

விசாலாட்சி: 6,000. கூலியோடு.

(நீண்ட மௌனம். ஒரு மொச்சை துள்ளித் தெருவில் விழுகிறது.)

சண்முகம்: புதன்கிழமை ஆத்தூர்க் கல்யாணத்துக்கு எப்படிப் போவது? பஸ்ஸிலா?

விசாலாட்சி: தம்பி காலை ஐந்து மணிக்கு வந்து அழைத்துக்கொண்டு போகிறேன் என்கிறான்.

சண்முகம்: எதில்?

விசாலாட்சி: அவனிடம் வேறு என்ன இருக்கிறது? நீங்கள் கொடுத்த கார்தான்.

சண்முகம்: அந்த வண்டியில் நான் ஏற மாட்டேன். "இதையெல்லாம் மனிதன் ஓட்டுவானா" என்று சொல்லித்தான் அவனுக்கு விற்றேன்.

விசாலாட்சி: அதையும் ஞாபகப்படுத்தினான். உங்களுக்கு முன் சீட்டையே ஒதுக்கி வைத்திருக்கிறான். கியர் போடும்போது மட்டும் உங்கள் முழங்காலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னான்.